சோள நொய் வேகும் நேரம்: ‘மை கசின் வின்னி’ திரைப்படம் பற்றி

ஒரு கொலை வழக்கின் போக்கை, அடுப்பில் வெந்துகொண்டிருந்த காலை உணவு மாற்றிவிடுகிறது. அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் நீதிமன்றத்தில், டிப்டன் என்ற சாட்சி உறுதியான குரலில் பேசுகிறார். இரண்டு இளைஞர்கள் கடைக்குள் நுழைவதைப் பார்த்தபோது தாம் சமைக்கத் தொடங்கியதாகவும், சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாகவும், இடையில் கழிந்தது ஐந்து நிமிடம்தான் என்றும் அவர் சொல்லுகிறார். குறுக்கு விசாரணைக்கு எழும், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலிருந்து வந்த வழக்கறிஞர் கேட்கும் கேள்வி, அன்று என்ன சமைத்தீர்கள் என்பது. முட்டையும் கிரிட்ஸும் என்று பதில் வருகிறது. கிரிட்ஸ் என்பது மக்காச்சோளத்தை நொய்யாக உடைத்துக் காய்ச்சும் உணவு. நம் சோளக் களிக்கும் ரவைக் கஞ்சிக்கும் இடைப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். உலகம் முழுவதற்கும் இருபது நிமிடம் பிடிக்கும் கிரிட்ஸ் உங்கள் அடுப்பில் மட்டும் ஐந்து நிமிடத்தில் வெந்தது எப்படி என்று வழக்கறிஞர் கேட்க, சாட்சி விழிக்கிறார். அது உடனடிக் கிரிட்ஸா என்று கேட்டிருந்த இடத்திலேயே, தன்மானமுள்ள எந்தத் தென்னகத்தானும் அதைத் தொடமாட்டான் என்று அவர் வீறாப்பாகச் சொல்லித் தப்பிக்கும் வழியைத் தாமே அடைத்துவிட்டார்.

இந்தக் காட்சியைத் தனியாகப் பார்ப்பவரும் சிரிப்பார். ஆனால் படத்தை முதலிலிருந்து பார்த்தவருக்கு இதில் இன்னொரு சுவை இருக்கிறது. வின்னி என்ற இந்த வழக்கறிஞரும் அவருடைய காதலி லிசாவும் ஊருக்கு வந்த புதிதில் ஓர் உணவகத்தில் அமர்ந்திருக்கிறார்கள். காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு என்று மூன்றே வரிகள் கொண்ட உணவுப் பட்டியலைப் பார்த்துத் திகைக்கிறார்கள். தட்டில் வந்து விழுந்த வெள்ளைக் குழம்பலைக் கரண்டியால் கிளறி, இது என்ன, எதில் செய்தது, எப்படிச் செய்கிறீர்கள் என்று சமையற்காரரை வின்னி துருவுகிறார். அப்போது அது வெளியூர்க்காரனின் தடுமாற்றமாக மட்டுமே தெரிந்தது. அதே அறியாமை பிறகு நீதிமன்றத்தில் அவருக்கு ஆயுதமாகிறது. கிரிட்ஸ் வேக இருபது நிமிடம் ஆகும் என்பது அந்த ஊரில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்த காரணத்தாலேயே ஊர்க் காவல் அதிகாரியான ஷெரிஃபுக்கோ அரசு வழக்கறிஞருக்கோ அதைக் கேட்கத் தோன்றவில்லை. 1992இல் வெளிவந்த இப்படம் இன்றளவும் பழசாகாமல் இருப்பதற்கு என் கணிப்பில் இதுவே காரணம்: அந்நிய ஊரில் வின்னி படும் பாடுகள் வெறும் சிரிப்போடு தீர்ந்துபோவதில்லை, அவற்றில் முக்கியமானவை பிற்பாடு சாட்சியமாகத் திரும்பி வருகின்றன.

கதை எளியது. பில், ஸ்டான் என்ற இரு நியூயார்க் மாணவர்கள், கலிபோர்னியாவில் படிப்பைத் தொடர்வதற்காக, 1964ஆம் ஆண்டின் பச்சை நிறப் பியூக் ஸ்கைலார்க் காரில் தெற்கு வழியாகப் பயணம் செய்கிறார்கள். வழியில் ஒரு கடையில் சாமான் வாங்கும்போது, கை நிறைந்துவிட்டதால் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்ட டூனா மீன் டப்பா ஒன்றுக்குப் பணம் கொடுக்கப் பில் மறந்துவிடுகிறான். சற்று நேரத்தில் காவல்துறை துரத்திப் பிடிக்கிறது. டப்பாவைத் திருடியதற்காகத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். காவல்துறையோ கடை ஊழியர் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறது. கடை ஊழியரை எப்போது சுட்டாய் என்று ஷெரிஃப் கேட்க, அதிர்ச்சியில் அவன் திருப்பிக் கேட்கும் கேள்வி, நீதிமன்றத்தில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் வாசிக்கப்படும்போது ஒப்புதல் வாக்குமூலமாகிவிடுகிறது. தமிழில் இந்த விபத்து இவ்வளவு எளிதில் நேராது. ‘சுட்டேன்’ என்பதற்கும் ‘சுட்டேனா’ என்பதற்கும் இடையில் ஓர் ஆகாரம் காவல் நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் காவலைக் குரல் மட்டுமே செய்கிறது. எழுத்தர் தட்டச்சு செய்த தாளில் குரல் இல்லை.

மின்சார நாற்காலி எதிரே நிற்கும் நிலையில், வழக்கறிஞர் வைக்கப் பணமில்லாத பில்லின் தாய்க்கு உறவுக்காரன் வின்னியின் நினைவு வருகிறது. வின்சென்ட் காம்பினி என்ற அந்த மனிதர், ஆறு முறை தேர்வெழுதி, ஆறு வாரங்களுக்கு முன்புதான் வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர். ஒரு வழக்கைக்கூட முழுதாக நடத்தியதில்லை. கறுப்புத் தோல் ஜாக்கெட்டும் தங்கச் சங்கிலியுமாக அவர் ஊருக்குள் இறங்குகிறார். கூடவே, வேலையில்லாத சிகையலங்காரக் கலைஞரான மோனா லிசா வீட்டோ, கையில் புகைப்படக் கருவியுடன் இறங்குகிறார்.

வின்னியாக ஜோ பெஸ்ஸி நடித்திருக்கிறார். கொலைகார முரடனாக நடித்து ஆஸ்கர் விருது பெற்ற சூட்டோடு இந்த வேடத்தை ஏற்ற அவருக்கு, இதில் கோபம் இருக்கிறது; ஆனால் அந்தக் கோபத்தால் யாருக்கும் ஆபத்து இல்லை. ஊரே அவரைத் தூங்கவிடாமல் சதி செய்கிறது. முதல் விடுதியில் அதிகாலையில் மர ஆலையின் சங்கு அலறுகிறது. அதற்குப் பயந்து இடம் மாறினால் பன்றிகளின் கூச்சல். இன்னோர் இடத்தில், இந்த நேரத்தில் ரயில் வராது என்று சொல்லப்பட்ட தண்டவாளத்தில் சரியாக அந்த நேரத்தில் ரயில் வருகிறது. காட்டுக்குள் அமைதியான குடிலைத் தேடிப் போனால் ஆந்தை அலறுகிறது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிக் கண்மூடித்தனமாகச் சுட்டுவிட்டு அவர் திரும்பும்போதும் ஆந்தை கிளையில் அசையாமல் அமர்ந்திருக்கிறது. கடைசியில் அவர் குழந்தையைப் போல் உறங்குவது, நீதிமன்ற அவமதிப்புக்காக அடைக்கப்பட்ட சிறையில், சுற்றிலும் கைதிகள் கலவரம் செய்யும் இரவில்தான். நகரத்து இரைச்சலில் வளர்ந்தவனுக்கு அதுவே தாலாட்டு என்பதை இயக்குநர் ஒரு வசனம்கூட இல்லாமல் காட்டிவிடுகிறார். இந்த வரிசை சற்று நீளம் என்று சொல்வோர் உண்டு. எனக்கும் பன்றிகளின் இடத்தில் அப்படித் தோன்றியது. ஆந்தையைப் பார்த்ததும் மன்னித்துவிட்டேன்.

நீதிபதி சேம்பர்லின் ஹாலராக வரும் ஃபிரெட் குவினைத் தனியாகப் பாராட்டவேண்டும். நெடிய உருவம், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற குரல், அவசரமே அறியாத பார்வை. அவர் வின்னியைப் பார்த்துக் கத்துவதில்லை. ‘நீர் அணிந்திருப்பது என்ன’ என்று நிதானமாகக் கேட்கிறார். கோட்டும் டையும் இல்லாமல் இனி வரக்கூடாது என்று சொன்ன பிறகும் அடுத்த முறை அதே ஜாக்கெட்டில் வந்து நின்றவரைச் சிறைக்கு அனுப்புகிறார். பிறகு, வாங்கிய ஒரே கோட்டும் சேற்றில் புரண்டு, ஊரில் இருந்த கடையிலும் எல்லோருக்கும் காய்ச்சல் வந்துவிட, பழைய துணிக்கடையில் கிடைத்த சிவப்பு நிற வித்தைக்காரர் உடையில் வின்னி வந்து நிற்கும்போது, நீதிபதியின் முகத்தில் ஓடும் மெல்லிய வேதனையைக் காண வேண்டும். இளைஞர்கள் என்று பொருள்படும் ‘யூத்ஸ்’ என்ற சொல்லை வின்னி தம் புரூக்ளின் நாக்கில் ‘யூட்ஸ்’ என்று உச்சரிக்க, அது என்ன என்று நீதிபதி குழம்பிக் கேட்கும் சில நொடிகள், ஒரே மொழிக்குள் இரண்டு ஊர்கள் மோதும்போது என்ன நடக்கும் என்பதற்கு நல்ல சான்று. இதுவே குவின் நடித்த கடைசித் திரைப்படம். 1993இல் அவர் காலமானார்.

ஊர் மாறிவந்தவன் தடுமாறும் நகைச்சுவைக்குப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. வந்தவனை முட்டாளாக்கி ஊரைச் சிரிக்கவைப்பது ஒன்று; வந்தவனைப் புத்திசாலியாக்கி ஊரை முட்டாளாக்குவது மற்றொன்று. இந்தப் படம் இரண்டு வழியிலும் போகவில்லை. அலபாமா என்றதும் அமெரிக்கத் திரைப்படங்கள் வழக்கமாகக் கொண்டுவரும் வெறிபிடித்த ஷெரிஃப், விலைபோன நீதிபதி, பொய்ச்சாட்சி சொல்லும் ஊரார் எவரும் இங்கே இல்லை. ஷெரிஃப் ஃபார்லி தம் வேலையை ஒழுங்காகச் செய்பவர். மூன்று சாட்சிகளும் தாங்கள் கண்டதை நம்பித்தான் பேசுகிறார்கள். அரசு வழக்கறிஞர் ஜிம் டிராட்டர், புதிதாக வந்தவரை மான் வேட்டைக்கு அழைத்துப்போகும் பண்பாளர். உண்மை வெளிப்பட்டதும் வழக்கைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பவரும் அவரே. லேன் ஸ்மித் அந்த வேடத்தில் மிடுக்காக இருக்கிறார். வில்லனே இல்லாத ஒரு கொலை வழக்கு எப்படி இவ்வளவு விறுவிறுப்பாக இருக்கமுடியும் என்று முதல் முறை பார்த்தபோது யோசித்தேன். எல்லோரும் நல்லவர்களாக இருந்தும் இரண்டு நிரபராதிகள் மின்சார நாற்காலிக்கு நெருங்கிப்போகிறார்கள் என்பது, கெட்டவன் ஒருவன் சூழ்ச்சி செய்வதைவிட அதிகம் அச்சுறுத்துகிறது.

இந்த நடுநிலைக்கு இயக்குநரின் பின்னணியும் ஒரு காரணமாக இருக்கலாம். ஜோனதன் லின் ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜில் சட்டம் படித்தவர். பிரிட்டிஷ் அமைச்சர்களையும் அதிகாரிகளையும் கேலி செய்த புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரை அந்தனி ஜேயுடன் சேர்ந்து எழுதியவர். அவருக்குப் புரூக்ளினும் வெளியூர், அலபாமாவும் வெளியூர். இரண்டையும் ஒரே வியப்போடு பார்க்க அவரால் முடிந்திருக்கிறது. திரைக்கதையை எழுதியவர் அமெரிக்கரான டேல் லானர். கதை அலபாமாவில் நடந்தாலும் படப்பிடிப்பு பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவில் நடந்தது. நீதிமன்றத்தின் வெளித்தோற்றம் அங்குள்ள ஜாஸ்பர் மாவட்டத்து மான்டிசெல்லோ நகரில் எடுக்கப்பட்டது. கதையில் உண்மைக் குற்றவாளிகள் பிடிபட்டதாகச் சொல்லப்படும் இடமும் ஜார்ஜியாவின் ஜாஸ்பர் மாவட்டம்தான் என்பதைக் கவனித்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

பார்வையாளர்களிடையே இப்படத்தின் மிகப் பெரிய ரசிகர்கள் யார் என்று கேட்டால், தயக்கமில்லாமல் வழக்கறிஞர்களைச் சொல்லலாம். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் இதழ் 2008இல் வெளியிட்ட சிறந்த 25 சட்டத் திரைப்படங்களின் பட்டியலில், கனமான படங்களுக்கு நடுவே, இந்த நகைச்சுவைப் படம் மூன்றாம் இடத்தைப் பெற்றது. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாக இருந்த ரிச்சர்ட் போஸ்னர், தொழில் நுணுக்கங்கள் நிறைந்த படம் என்று இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார். சட்டக் கல்லூரிகளில் குறுக்கு விசாரணையையும் வல்லுநர் சாட்சியத்தையும் கற்பிக்க இதன் காட்சிகள் திரையிடப்படுகின்றன. காரணம், நீதிமன்றப் படங்களில் நாம் வழக்கமாகக் காணும் மேசை தட்டலும், திடீரெனக் கதவைத் திறந்துகொண்டு வரும் சாட்சியும், கூண்டிலேயே கதறி ஒப்புக்கொள்ளும் குற்றவாளியும் இதில் இல்லை. அரசுத் தரப்பின் வழக்கு கல் கல்லாக அடுக்கப்படுகிறது. எதிர்த்தரப்பு ஒவ்வொரு கல்லையும் திருப்பிப் பார்க்கிறது.

என் தந்தையார் நீதிமன்ற அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலப் படங்களில் அவருக்கு நாட்டம் கிடையாது. வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தவர், வின்னி முதல் நாள் விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா மறுக்கிறாரா என்று மட்டும் சொல்லாமல் வழக்கின் கதையையே விளக்கத் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘வக்காலத்துப் போட்ட அன்றைக்கே வாதம் பண்ணுகிற ஆளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்’ என்றார். வின்னி மான் வேட்டைக்குப் போய், நயமாகப் பேசி, அரசு வழக்கறிஞரின் கோப்புகளைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டதாகப் பெருமையடிக்கும் காட்சியில் அவர்தான் முதலில் சிரித்தார். அந்தக் கோப்புகளைக் கேட்டாலே கொடுத்தாகவேண்டும், அதுதான் சட்டம் என்று லிசா அடுத்த நொடியில் புத்தகத்தைக் காட்டிச் சொல்கிறார். நம் நாட்டிலும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 207ஆம் பிரிவு, காவல்துறை அறிக்கையின் நகலையும் சாட்சிகளின் வாக்குமூலங்களையும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு இலவசமாகக் கொடுக்கச் சொல்லியிருந்தது. புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. நகல் வாங்க அலைந்தவர்களை ஆயுள் முழுவதும் பார்த்தவருக்கு அந்தச் சிரிப்பு உள்ளிருந்து வந்திருக்கவேண்டும்.

அவருக்குப் பிடிக்காத ஒன்றும் இருந்தது. அனுபவம் இல்லை என்பதை மறைப்பதற்காக வின்னி நீதிபதியிடம் வேறொருவருடைய பெயரைத் தம் தொழிற்பெயர் என்று சொல்கிறார். அந்த மனிதர் இறந்துபோனது தெரிந்ததும் ஓர் எழுத்தை மாற்றி வேறு பெயர் என்று சமாளிக்கிறார். முடிவில் லிசா நியூயார்க்கில் உள்ள பழக்கமான நீதிபதி ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, அந்தப் பொய்ப் பெயருக்கே நற்சான்று வாங்கிவிடுகிறார். நீதிமன்றத்தில் பொய் சொன்னவர் கைகுலுக்கலுடன் வழியனுப்பப்படுவதைத் தந்தையாரால் ஏற்க இயலவில்லை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எந்த ஊர் வழக்கறிஞர் சங்கமும் இதை மன்னிக்காது. படம் இதைச் சிரிப்பில் கரைத்துவிடுகிறது. நான் படத்தின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மற்ற இரண்டு சாட்சிகளின் குறுக்கு விசாரணையும் கிரிட்ஸ் காட்சிக்குக் குறைந்ததல்ல. கிரேன் என்ற சாட்சி தம் வீட்டுச் சன்னல் வழியாகப் பார்த்தவர். அவர் பார்வைக்கும் கடைக்கும் இடையில் அழுக்கேறிய கண்ணாடி, துருப்பிடித்த வலை, இலை அடர்ந்த மரங்கள், புதர்கள் என்று எத்தனை இருந்தன என்பதை, லிசா எடுத்த புகைப்படங்களை ஒவ்வொன்றாக நீட்டி, வின்னி அவர் வாயாலேயே எண்ணவைக்கிறார். முதியவரான ரைலி அம்மையாரிடம் வரும்போது அவருடைய தொனி மாறுகிறது. தடித்த கண்ணாடி அணிந்த அந்த மூதாட்டியை அவர் கேலி செய்வதில்லை. அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றத்தின் மறு கோடிக்குப் போய், ஐம்பது அடி தூரத்தில் நின்று, எத்தனை விரல்கள் காட்டுகிறேன் என்று கேட்கிறார். சம்பவத்தன்று தூரம் அதைப்போல் இரு மடங்கு. காட்டிய இரண்டு விரல்களை நான்கு என்று சொல்லிவிட்ட மூதாட்டி, கண்ணாடியை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது என்று தாமே முடிவுக்கு வருகிறார். சாட்சியைப் பொய்யர் ஆக்காமல் சாட்சியத்தை மட்டும் பொய்யாக்கும் இந்த நாகரிகத்தைத்தான் சட்ட ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் காட்ட விரும்புகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இனி லிசா. மரிசா டோமே இந்த வேடத்துக்காகத் துணைநடிகைக்கான ஆஸ்கர் விருதை 1993இல் பெற்றார். அவரோடு போட்டியிட்ட ஜூடி டேவிஸ், ஜோன் பிளோரைட், வனெசா ரெட்கிரேவ், மிராண்டா ரிச்சர்ட்சன் ஆகிய நால்வரும் கனமான வேடங்களில் நடித்தவர்கள். நகைச்சுவைக்கு விருது கிடைத்ததை நம்ப முடியாத சிலர், மேடையில் உறையைப் பிரித்த ஜாக் பாலன்ஸ் தவறான பெயரை வாசித்துவிட்டார் என்ற வதந்தியைக் கிளப்பினார்கள்; அது பல ஆண்டுகள் உலவியது. 2017இல் சிறந்த படத்தின் பெயர் உண்மையிலேயே தவறாக அறிவிக்கப்பட்டபோது, மேடையிலேயே சில நிமிடங்களில் திருத்தப்பட்டதை உலகம் பார்த்தது. அதன் பிறகாவது அந்தப் பழைய வதந்தி அடங்கியிருக்கவேண்டும்.

புரூக்ளினில் பிறந்து வளர்ந்த டோமே, பேச்சின் வேகத்திலும் மூக்கின் சுளிப்பிலும் அந்த ஊரையே கொண்டுவந்து நிறுத்துகிறார். மரத் தரையில் காலைத் தட்டித் தட்டி, திருமணத்துக்குக் காலம் கடந்துகொண்டிருக்கிறது என்று அவர் பொருமும் காட்சியைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தவை, நீதிமன்றத்தின் பார்வையாளர் வரிசையில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரங்கள். வின்னி தடுமாறும்போது ஒரு சிறு தலையசைப்பு, வெல்லும்போது ஒரு பெருமிதம். அவர் அங்கே வந்தது முதல் சட்டப் புத்தகத்தைப் படித்தவரும் அவர்தான், கண்ணில் பட்டதையெல்லாம் படமெடுத்து வைத்தவரும் அவர்தான்.

அந்தப் புகைப்படங்களில் ஒன்று, கடையின் முன்னால் தப்பியோடிய கார் விட்டுச்சென்ற சக்கரத் தடங்களைக் காட்டுகிறது. அரசுத் தரப்பு கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் வல்லுநரை அழைத்து, தடத்தில் இருந்த ரப்பரும் இளைஞர்களின் காரில் இருந்த டயரும் ஒன்றே என்று நிறுவிவிடுகிறது. வின்னி தம் பக்கத்து வல்லுநராக, அப்போது தம்மோடு சண்டையிட்டுக்கொண்டிருக்கும் லிசாவைச் சாட்சி இருக்கையில் ஏற்றுகிறார். தலைமுடி அலங்கரிப்பவருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று ஏளனமாகக் கேட்கும் அரசு வழக்கறிஞர் ஒரு பொறிவைத்த கேள்வியைப் போடுகிறார்: 327 கன அங்குல எஞ்சினும் நான்கு துளைக் கார்புரேட்டரும் கொண்ட 1955ஆம் ஆண்டின் செவ்ரலே பெல்ஏர் காருக்குச் சரியான பற்றவைப்பு நேரம் என்ன? அப்படி ஒரு கேள்விக்குப் பதிலே கிடையாது என்கிறார் லிசா. 1955இல் 327 எஞ்சின் இல்லை. அது 1962இல்தான் வந்தது. பெல்ஏரில் நான்கு துளைக் கார்புரேட்டருடன் அது கிடைத்தது 1964இல். அந்த 1964 காரைப் பற்றிக் கேட்டால் நான்கு டிகிரி என்று சொல்லி முடிக்கிறார். தந்தையும் பாட்டனும் மாமன்மாரும் உடன்பிறந்தவர்களும் மெக்கானிக்குகளாக இருந்த வீட்டில் வளர்ந்தவர் அவர். நடுவர்குழுவும் நீதிபதியும் மட்டுமன்றி, அரசு வழக்கறிஞரே அவரை வல்லுநராக ஒப்புக்கொண்டு உட்காருகிறார்.

அடுத்து வரும் விளக்கம் வாகனப் பொறியியல் பாடம். ஆனால் ஒரு சொல்லும் புரியாமல் போகாது. சேற்றில் கார் சிக்கிக்கொள்ளும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலும், மற்றது அசையாது. எஞ்சினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரன்ஷியலின் இயல்பு அது. தடத்தின் படத்திலோ இரண்டு சக்கரங்களின் தடங்களும் ஒரே அளவில் பதிந்திருக்கின்றன. ஆகவே அந்தக் காரில் நழுவலைத் தடுக்கும் டிஃபரன்ஷியல் இருந்திருக்கவேண்டும். மேலும் ஒரு சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறியபோதும் மற்றதன் தடம் தட்டையாகவே இருக்கிறது. ஆகவே பின்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே அசையும் அமைப்பு இருந்திருக்கவேண்டும். இரண்டும் அமைந்து, ஸ்கைலார்க்கின் தோற்றமும் அதே பச்சையும் கொண்ட கார், 1963ஆம் ஆண்டின் பான்டியாக் டெம்பெஸ்ட். வின்னியும் லிசாவும் முன்பு மழைச் சேற்றில் சிக்கி, ஒற்றைச் சக்கரம் சுழல, அழுக்கில் நனைந்த காட்சி இங்கே கைகொடுக்கிறது. கோட்டைக் கெடுத்த சேறுதான் வழக்கை வெல்கிறது. கார் பைத்தியங்கள் இந்த விளக்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்காமல் இல்லை. இரண்டு கார்களின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரமும் ஒன்று என்று படம் சொல்லுகிறது. உண்மையில் டெம்பெஸ்டுக்கு 112 அங்குலம், ஸ்கைலார்க்குக்கு 115. மூன்று அங்குலத்துக்காக இந்தக் காட்சியை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. அவற்றில் பெரியது, ஸ்டான் முதலில் நம்பிப்போகும் அரசு நியமன வழக்கறிஞர் கிப்பன்ஸின் திக்குவாயை வைத்துச் செய்த கேலி. ஆஸ்டின் பென்டில்டன் அந்த வேடத்தை நுட்பமாகத்தான் நடித்திருக்கிறார். தம் சொந்த வாழ்விலும் திக்குவாயோடு போராடியவர் அவர். இருந்தாலும் அந்தக் காட்சி சிரிக்கக் கேட்பது ஒரு மனிதனின் குறைபாட்டை. என்னுடன் பார்த்தவர்களில் இளையவர்கள் அங்கே சிரிக்கவில்லை. முப்பது ஆண்டுகளில் பார்வையாளர் மாறியிருக்கிறார்கள். இவ்வளவு பெருந்தன்மையான படத்தில் அந்தச் சில நிமிடங்கள் சோற்றில் கல். சிறையறையில் ஸ்டான் வின்னியைத் தவறாகப் புரிந்துகொண்டு நடுங்கும் காட்சியும் அதே வகையைச் சேர்ந்தது. அதன் இரட்டைப் பொருள் வசனங்கள் கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டவை, ஆனால் அடியில் இருக்கும் அச்சம் சிரிப்புக்குரியதல்ல. வழக்கில் சிக்கிய இரு இளைஞர்களும், ரால்ஃப் மாக்கியோவும் மிட்செல் விட்ஃபீல்டும், முதல் கால்மணி நேரத்துக்குப் பிறகு ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். உயிர் ஊசலாடுவது அவர்களுடையது என்பதே சில நேரம் மறந்துபோகிறது.

குடும்பத்தோடு பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். படத்தில் வன்முறை ஏறத்தாழ இல்லை. கொலைகூட நம் கண்முன் நடப்பதில்லை. ஆனால் வின்னியின் வாயில் வசவுச் சொல் இல்லாத வாக்கியம் அரிது. அவருடைய தொடக்க உரையே ஒரு வசவுதான். அமெரிக்காவில் இதற்குச் சிறுவர்கள் பெரியவர் துணையோடு மட்டுமே பார்க்கக்கூடிய வகைச் சான்றிதழ் தரப்பட்டது அதனால்தான். ஆங்கிலத் துணைவரிகளோடு பார்ப்பது நல்லது, ஏனெனில் புரூக்ளின் பேச்சும் அலபாமாவின் இழுவையும் மாறி மாறி வரும்போது நம் காது பின்தங்கிவிடும். துணைவரி மட்டும் போதும் என்றும் இருக்கமுடியாது. ‘யூட்ஸ்’ போன்ற இடங்களில் கண்ணைவிடக் காதுதான் சிரிக்கும்.

வழக்கு முடிந்து ஊரைவிட்டுப் புறப்படும் காட்சியில் வின்னி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். முதல் வழக்கை யாருடைய துணையும் இல்லாமல் வெல்லவேண்டும், அதன் பிறகே திருமணம் என்று சபதம் செய்திருந்தவர் அவர். இங்கேயோ லிசா சாட்சி சொல்லி, ஷெரிஃப் தகவல் தேடித் தந்து, நியூயார்க் நீதிபதி நற்சான்று கொடுத்து வழக்கு வென்றிருக்கிறது. ஆயுள் முழுவதும் யாராவது உதவி செய்வார்கள், நீயும் நன்றி சொல்லிக்கொண்டே இருக்கவேண்டியிருக்கும், எவ்வளவு கொடுமை என்று லிசா அவரைச் சீண்டுகிறார். இருவரும் அதைப் பற்றி வாதாடிக்கொண்டே போக, சேறு படிந்த கார் அலபாமாவின் சாலையில் தூரத்துக்குப் போகிறது. தந்தையார் எழுந்துபோகும்போது கேட்டது ஒன்றுதான்: ‘அந்த டூனா டப்பாவுக்குக் கடைசியில் யார் காசு கொடுத்தார்கள்?’